சோளக்காட்டில் கிடைத்த மூன்று குட்டிகள்: வீட்டுப் பூனையா, காட்டுப் பூனையா?

தை பிறந்துவிட்டால் சேர்வராயன் மலை அடிவாரத்து ஊர்களில் மக்காச்சோள அறுவடை சூடு பிடித்துவிடும். கதிரை ஒடித்த கையோடு தட்டையும் அறுத்து மாட்டுக்குப் போடுவார்கள். அந்தத் தட்டுக்கு நடுவே பூனைக்குட்டிகள் கிடந்தால் என்ன செய்ய வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு குட்டி இன்று உயிரோடு இருந்திருக்கும். எனக்கும் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சமாகியிருக்கும், கையில் ஊசி போட்டுக்கொள்ள அலைந்திருக்கவும் மாட்டேன். அடுத்த அறுவடைக்குள் நாலு பேருக்காவது போய்ச் சேரட்டும் என்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் வீடு குப்பனூருக்குப் பக்கத்தில். கணவர் லாரி ஓட்டுகிறார், லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் பக்கம் போனால் திரும்ப எப்படியும் வாரம் ஆகிவிடும். நான் வீட்டிலிருந்தே கொலுசுக்குச் சலங்கை பற்றவைக்கும் வேலை செய்கிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளியை எடை போட்டு வாங்கி வந்து, வேலை முடித்து எடை போட்டுத் திருப்பித் தர வேண்டும். வீட்டில் இரண்டு பூனைகள் உண்டு. தெருவில் அடிபட்ட பூனை, விட்டுவிட்டுப் போன குட்டி எதுவானாலும் என் வாசலுக்குத்தான் வரும். அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் தட்டு அறுக்க வந்த பெண்கள் ஒரு சிமெண்ட் சாக்கைக் கொண்டுவந்து என் திண்ணையில் வைத்தார்கள். “தாய்ப்பூனை எங்களைக் கண்டதும் ஓடிவிட்டது அக்கா. நாய் கவ்விவிடும் என்று எடுத்து வந்தோம்” என்றார்கள். உள்ளே மூன்று குட்டிகள். காலை பதினோரு மணிக்கே எடுத்துவிட்டார்களாம். அதுவரை சாக்கோடு புளியமரத்தடியில் கிடந்திருக்கின்றன.

சாக்கைத் திறந்ததும் எனக்கு ஏதோ இடித்தது. என் வீட்டில் எத்தனையோ குட்டிகள் வளர்ந்திருக்கின்றன, இவற்றின் கால்கள் அவற்றைப்போல் இல்லை. உடம்புக்குப் பொருந்தாத நீளம். காதின் நுனியில் கறுப்பாக நாலைந்து மயிர் தனியே நீட்டிக்கொண்டு நின்றது. விளக்கடியில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு மெல்லிசு. வால் நுனி கறுப்பு, அதற்கு மேலே இரண்டு மூன்று கறுப்பு வளையங்கள். நிறம் செம்மண்ணும் சாம்பலும் கலந்தாற்போல். முதுகில் மங்கலான கோடுகள் இருந்தன, காலில் மட்டும் அவை அழுத்தமாகத் தெரிந்தன. கண் திறந்து சில நாள்தான் ஆகியிருக்கும், நீலம் மாறவில்லை. கையைக் கிட்டே கொண்டுபோனதும் மூன்றும் ஒரே நேரத்தில் சீறின. “இது நாட்டுப் பூனை இல்லை, மலையிலிருந்து வந்த குட்டி” என்று அப்போதே சொன்னேன். அந்தப் பெண்கள் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, “பூனையில் என்னடி மலைப்பூனை, ஊர்ப்பூனை” என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கே ஆரம்பித்தது என் அலைச்சல்.

குட்டிகளைப் பிரித்தறிவது எவ்வளவு சிரமம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் அதுதான். வளர்ந்த காட்டுப் பூனையைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வராது. உடம்பில் வரியோ புள்ளியோ இல்லாத பழுப்பு நிறம், நெட்டைக் கால்கள், காதுக்குப் பின்புறம் செந்நிறம், நுனியில் கறுப்பு மயிர்க்கொத்து. வால் குட்டை, நின்றால் பின்னங்கால் முட்டி வரைதான் தொங்கும். வீட்டுப் பூனையின் வால் அதைத் தாண்டி நீளும். எடையும் நாலைந்து கிலோவில் தொடங்கி எட்டு கிலோ வரை போகும். ஆனால் குட்டியாக இருக்கும்போது இதற்கும் உடம்பில் வரி உண்டு, வளர வளரத்தான் மறையும். வரியைப் பார்த்ததும் நம் ஊர் வரிப்பூனை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வாலின் நீளத்தையும் அந்த வயதில் நம்ப முடியாது, வீட்டுப் பூனைக் குட்டிக்கும் அப்போது வால் குட்டைதான். சீறுவதும் அடையாளம் இல்லை, மனிதவாசம் படாத தெருப்பூனைக் குட்டியும் அப்படித்தான் சீறும். கால் நீளம், காது நுனி மயிர், வால் நுனிக் கறுப்பும் வளையமும், கிடைத்த இடம் ஆகிய நாலையும் சேர்த்துப் பாருங்கள். வீட்டை விட்டுத் தள்ளி, ஓடை ஓரமாக, ஆள் நடமாட்டமில்லாத சோளக்காட்டுக்கு நடுவே கிடைத்த குட்டி என்றால் காட்டுக் குட்டியாக இருக்கலாம் என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள். பிறகு வீட்டுப் பூனை என்று தெரிந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை.

நம் நாட்டில் இன்னும் சில சின்னப் பூனைகள் இருக்கின்றன. துரும்பன் பூனை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வளர்வது அரிது, உலகத்திலேயே மிகச் சிறிய பூனைகளில் ஒன்று. இந்தியா, இலங்கை, நேபாளம் ஆகிய மூன்று நாடுகளில்தான் உண்டு. சாம்பல் உடம்பில் துரு நிறப் புள்ளிகள் வரிசையாக ஓடும். வளர்ந்ததையே குட்டி என்று நினைத்துத் தூக்கிவிட வாய்ப்பு இருக்கிறது. சிறுத்தைப் பூனை வீட்டுப் பூனை அளவுதான், கறுப்புப் புள்ளிகள், காதின் பின்புறம் வெள்ளைப் பொட்டு. ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் இரவில் பழம் தின்ன வரும் மரநாயைப் பூனை என்று நினைக்கிறவர்களும் உண்டு. அது பூனை இனமே இல்லை. நீண்ட மூக்கும் உடம்பு நீளத்துக்கு வாலும் இருந்தால் அது மரநாய்.

சனிக்கிழமை காலை பெரிய குட்டிகள் இரண்டையும் கூடையில் வைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்துச் சேலத்துக்குப் போனேன். ஒரு தனியார் கால்நடை மருத்துவமனையில் காத்திருந்து காட்டினால், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் “நாட்டுப் பூனைதான்” என்றார்கள். காது மயிரைக் காட்டினேன், வீட்டுப் பூனைக்கும் சிலதுக்கு இருக்கும் என்றார்கள். அது உண்மைதான், ஆனால் மற்ற அடையாளங்களையும் பார்த்திருக்க வேண்டும். படத்தைத் தெரிந்தவர் ஒருவருக்கு அனுப்பினேன். அவர் நேர்மாறாக, “ஐயோ, சிறுத்தைக் குட்டி, தாய்ச்சிறுத்தை தேடி வரும்” என்று பதறி, அந்தப் படத்தை நாலு பேருக்கும் அனுப்பிவிட்டார். மதியத்துக்குள் என் வீட்டு வாசலில் கூட்டம். சிறுத்தைக் குட்டி பிறக்கும்போதே ஏறக்குறைய அரைக் கிலோ இருக்கும், பாதம் தடித்திருக்கும், உடம்பெல்லாம் நெருக்கமான புள்ளி. வெள்ளி நிறுக்கும் மின் தராசு வீட்டில் இருந்ததால் எல்லோர் முன்னாலும் குட்டிகளை நிறுத்துக் காட்டினேன். கண் திறந்த பிறகும் ஒவ்வொன்றும் முந்நூறு கிராமைச் சற்றுத் தாண்டியது, அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் கூட்டம் கலைந்தது. அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பயந்து போய் மூலையில் ஒண்டிய குட்டிகளைச் செல்போன் வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் கலையாமல் நின்றார். முன்பின் தெரியாதவர். “இது பெங்கால் பூனை மாதிரி இருக்கிறது, ஒன்றுக்கு ஐந்தாயிரம் தருகிறேன்” என்றார். மூன்றுக்குப் பதினைந்தாயிரம். எனக்கு அது ஒரு மாதக் கூலிக்கு மேல். பெங்கால் என்பது சிறுத்தைப் பூனையையும் வீட்டுப் பூனையையும் கலந்து உருவாக்கிய வளர்ப்பு இனம். அந்தப் பெயரைச் சொல்லிக் காட்டுக் குட்டிகளை வாங்கி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். காட்டு விலங்கைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், கூண்டில் போட்டால் அந்தக் குட்டி என்ன ஆகும் என்று நினைத்தே எனக்கு வயிறு எரிந்தது. கதவைச் சாத்திக்கொண்டேன். இப்படி யாராவது விலை பேசி வந்தால் வண்டி எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், வனத்துறையினர் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

நான் சேலம் போயிருந்த நேரத்தில் பெரியம்மா மனம் கேட்காமல் ஒரு காரியம் செய்திருந்தார். வாடலாக இருந்ததென்று சின்னக் குட்டியை மட்டும் நான் வீட்டில் அவர் பொறுப்பில் விட்டிருந்தேன்; பசிக்குமே என்று அதற்குப் பசும்பாலைச் சங்கில் ஊற்றிப் புகட்டியிருக்கிறார். சாயங்காலமே வயிற்றுப்போக்கு. பூனைக்குட்டியின் வயிறு பசும்பாலில் இருக்கிற சர்க்கரையைச் சரியாகச் செரிக்காது, நீர்ச்சத்து வற்றி ஒரே இரவில் துவண்டுவிடும். மறுபடி டவுனுக்கு ஆள் அனுப்பிப் பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்மாவு வாங்கினேன், அதுவே ஆயிரத்து நானூறு ரூபாய். வேறு வழியில்லாமல் ஒரு இரவு வைத்துக் காப்பாற்ற வேண்டி வந்தால் இதைக் கவனியுங்கள். பால் புகட்டுவதற்கு முன்னால் குட்டிக்குச் சூடு வேண்டும், உடம்பு சில்லிட்டிருக்கும்போது பால் உள்ளே போனால் செரிக்காது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். கைக்குழந்தையைப் போல் மல்லாத்திப் பிடித்துப் புகட்டக் கூடாது, பால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புறப் படுத்த வாக்கில் தலையை மட்டும் லேசாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். குடித்த பிறகு ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவிவிட்டால்தான் சிறுநீர் கழிக்கும், அந்த வயதில் தாய் நக்கிவிட்டுத்தான் அது நடக்கும். வீட்டுப் பூனைகளோடு சேர்த்து வைக்காதீர்கள், இரண்டு பக்கமும் நோய் தொற்றும். கொஞ்சாதீர்கள், பெயர் வைக்காதீர்கள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, அடக்கிக்கொண்டேன்.

எவ்வளவோ பார்த்தும் சின்னக் குட்டி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் செத்துப்போனது. தராசில் வைக்கும்போதெல்லாம் எண் குறைந்துகொண்டே வந்ததைப் பார்த்தபடி இருந்தேன், ஒன்றும் செய்ய முடியவில்லை. அழுதேன். கணவருக்கு போன் செய்தால் அவர் எங்கோ ஆந்திரத்து நெடுஞ்சாலையில் இருந்தார், சரியாகக் கேட்கவில்லை.

அதற்கு முந்தின இரவே பெரிய குட்டி ஆள்காட்டி விரலைக் கடித்து ரத்தம் வந்துவிட்டது. கையுறை கிடைக்காமல் துணி சுற்றித்தான் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன், பல் துணியைத் தாண்டி இறங்கிவிட்டது. ஊசி முனை போன்ற பல், வலியே பெரிதாக இல்லை. இத்தனூண்டு குட்டிக்கு வெறி எங்கிருந்து வரும் என்று பெரியம்மா கேட்டார். அந்தப் பேச்சைக் கேட்டு யாரும் இருந்துவிடாதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பக் கூடாது. உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். காட்டு விலங்கு கடித்தால் சின்னக் காயமானாலும் மூன்றாம் வகையாக, அதாவது மிக ஆபத்தான கடியாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள், வெறிநோய்த் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போடுவார்கள். ஊசி முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று வரும், ஒன்றைக்கூட விடக் கூடாது. செலவில்லை. ஆனால் அரை நாள் போகும். என் கொலுசு வேலை மொத்தமும் நின்றது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பால் கொடுத்துவிட்டு உட்கார்ந்தால் கை நடுங்கியது, நெருப்பு பிடிக்கிற வேலையில் கை நடுங்கக் கூடாது.

வனத்துறைக்குச் சனிக்கிழமையே போன் செய்யத் தொடங்கினேன். தேடிக் கிடைத்த ஒரு எண் அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொன்றில் எடுத்தவர், எங்கள் ஊர் தங்கள் சரகத்தில் வராது என்று வைத்துவிட்டார். ஞாயிறு அலுவலகம் பூட்டு. அன்றைக்குத்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது, நாளைக்கு யாராவது “காட்டுப் பூனையை வீட்டில் வைத்திருக்கிறாள்” என்று எழுதிப் போட்டால் என்ன செய்வது? கல்லூரியில் சட்டம் படிக்கிற என் அக்கா மகன்தான் வழி சொன்னான். அதே 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39ஆவது பிரிவில், காட்டு விலங்கு ஒருவர் கைக்கு எந்த வகையில் வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. வனத்துறை கிடைக்காவிட்டால் போலீஸ் போதும். குட்டிகள் எங்கே, எப்போது, யாரால் எடுக்கப்பட்டன, ஒன்று எப்படிச் செத்தது என்று ஒரு பக்கம் எழுதி, ஞாயிறு மாலையே காவல் நிலையத்தில் கொடுத்தேன். அங்கிருந்தவர் இரண்டு முறை வாசித்துவிட்டு, “பூனைக்கா புகார்?” என்று கேட்டார். புகார் இல்லை, தகவல் என்றேன். நகலில் கையெழுத்தும் நேரமும் வாங்காமல் நகரவில்லை. அங்கிருந்து வனத்துறைக்குத் தகவல் போன பிறகுதான் வேலை நடந்தது, அடுத்த நாள் காலை எட்டு மணிக்கே வனக்காப்பாளர் வாசலில் நின்றார்.

அவரோடு வேட்டைத் தடுப்புக் காவலராக வேலை செய்யும் மலைக்காரர் ஒருவரும் வந்திருந்தார். ஏற்காட்டு மலைக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர். குட்டியின் காதை ஒரு தடவை பார்த்தார், வாலைப் பார்த்தார், “காட்டுப்பூனை அம்மா, எங்கிருந்து எடுத்தார்களோ அங்கேயே காட்டுங்கள்” என்றார். மூன்று நாளாக நான் சொல்லி யாரும் கேட்காததை ஒருவர் சொல்லிக் கேட்டபோது உடம்பே லேசானது. சோளக்காட்டில் இன்னும் ஓடையோரமாக ஒரு பட்டை அறுக்காமல் நின்றது. ஓடை ஈரத்தில் தாயின் கால்தடம் புதிதாக இருந்தது, நாய்த் தடத்தில் விழுகிற நகக்கீறல் அதில் இல்லை. “தேடிக்கொண்டுதான் இருக்கிறது” என்றார் அவர். அந்தப் பட்டையை இரண்டு நாள் அறுக்க வேண்டாம் என்று நிலத்துக்காரரிடம் கேட்டோம். கோழி தூக்குகிற பிராணிக்கு நான் ஏன் தட்டை விட வேண்டும் என்றார். வனக்காப்பாளர் பொறுமையாகச் சொன்னார்: ராஜஸ்தானில் சரிஸ்கா காட்டில் ஆராய்ந்து பார்த்ததில் ஒரு காட்டுப் பூனை ஒரு நாளைக்கு மூன்றிலிருந்து ஐந்து எலி வரை பிடிக்கிறதாம். எலி வெட்டிய கதிர்களை அந்தக் களத்திலேயே குவித்து வைத்திருந்தார் நிலத்துக்காரர். மேற்கொண்டு பேசவில்லை, சரி என்றுவிட்டார்.

பொழுது சாய்கிற நேரத்தில் குட்டிகளை எடுத்த அதே இடத்தில் கூடையை ஒருக்களித்து வைத்தார்கள். முதலில் கட்டி வந்த அந்தச் சாக்கையே விரித்து அதன்மேல் குட்டிகளை விட்டார்கள், வாசனைக்காக. ஊர் நாய்களைக் கட்டச் சொல்லிவிட்டு, நாங்கள் வெகு தூரம் தள்ளி டிராக்டர் பெட்டியில் விளக்கில்லாமல் உட்கார்ந்தோம். குட்டிகள் கத்திக்கொண்டே இருந்தன. ஏழரை மணி போல் தட்டுக்குள் சலசலப்பு. தாய் வந்து ஒன்றைக் கழுத்தில் கவ்விக்கொண்டு போனது. இன்னொன்றுக்கு வெகு நேரம் வரவில்லை, எனக்கு நெஞ்சு அடைத்தது. நாய் குரைப்பு அடங்கிய பிறகு மறுபடி வந்து அதையும் எடுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போய்விட்டது. மனிதர் தொட்ட குட்டியைத் தாய் சேர்க்காது என்று நம் பக்கத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். அது பொய். மகாராஷ்டிரத்தில் ஜுன்னார் பக்கம் கரும்புக் காட்டில் அகப்படும் சிறுத்தைக் குட்டிகளைக்கூட இப்படித்தான் பெட்டியில் வைத்துத் தாயோடு சேர்க்கிறார்கள். எங்களுக்கு மூன்று நாள் கழித்தும் தாய் வந்தது, ஆனால் அதை எல்லா முறையும் எதிர்பார்க்க முடியாது என்று வனக்காப்பாளர் சொன்னார். எடுக்காமலே விட்டிருந்தால் அன்று இரவே மூன்றையும் கொண்டுபோயிருக்கும்.

ஆட்டோ, மருத்துவமனை, பால்மாவு எல்லாம் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம். வெள்ளியை நாள் தவறிக் கொடுத்ததற்குக் கூலியில் பிடித்தது, அந்த வாரம் வேலையே இல்லாமல் போனது எல்லாம் சேர்த்தால் பத்தாயிரம் தாண்டிவிட்டது. நீங்கள் இந்தச் செலவில் எதையும் செய்ய வேண்டியதில்லை. உங்கள் ஊர் எந்த வனச்சரகத்தில் வருகிறது, வனக்காப்பாளர் யார், அவர் செல்போன் எண் என்ன என்பதை அறுவடை தொடங்கும் முன்பே கேட்டுக் குறித்து வையுங்கள். குட்டியைக் கண்டால் தொடாமல், அந்த இடத்தைச் சுற்றி நாலடித் தட்டை விட்டுவிட்டு ஆட்கள் வேறு மூலைக்குப் போய்விடட்டும், நாயைக் கட்டிவையுங்கள், இரவு கழியட்டும். மறுநாள் காலையிலும் குட்டி அங்கேயே இருந்தால் அப்போது போன் செய்யுங்கள். அறுக்கும்போதும் நாலு பக்கமும் சுற்றி நடுவுக்கு வராமல், ஊர்ப் பக்கத்திலிருந்து தொடங்கி ஓடைப் பக்கமாகப் போய் முடியுங்கள், உள்ளே இருக்கிற பிராணிக்கு வெளியேற வழி கிடைக்கும். எங்கள் நிலத்துக்காரர் மீதிப் பட்டையை அப்படித்தான் அறுத்தார். அறுக்கக் கூட்டி வரும் மேஸ்திரியிடமும் சொல்லி வைத்திருக்கிறார், அவர் இப்போது வலசையூர் பக்கத்து வேலையில் இருக்கிறார்.